முகநூல் இருக்கும்போது இன்னொரு தளம் எதற்கு?

போன வாரம் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தெரிந்த அண்ணன் ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஃபேஸ்புக் இருக்கு, வாட்ஸ்அப் இருக்கு, டிக்டாக் இருக்கு. நீ வேற புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கியாமே, அங்க யாரு வருவா?" மீன் பையோடு நின்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறீர்கள், அதனால் முகநூலிலேயே எழுதுகிறேன். அதில் எனக்குக் கூச்சமில்லை.

தெரியாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் சிறு பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்கள், தங்கள் குடியிருப்புப் பேட்டையிலேயே இன்னொரு தமிழ்க் குடும்பத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய சமூகத் தளம். நானும் என் தோழியும் நடத்துகிறோம். பிள்ளைகள் கீழே போய்ச் சேர்ந்து விளையாட வேண்டும், தமிழில் விளையாட வேண்டும். அவ்வளவுதான்.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆக அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு. 2020ல் அது 2.5. நம் மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது, வானொலி, தொலைக்காட்சி இருக்கிறது, ஏப்ரல் வந்தால் மாதம் முழுக்க விழா இருக்கிறது. பிள்ளைக்கு விளையாட்டுத் தோழன் மட்டும் இல்லை. வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி புளோக்குகளில் 1989லிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது, அதாவது ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் இவ்வளவு பேர்தான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு. எல்லா இனத்தவரும் கலந்து வாழ்வது நல்லது என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் நம்மைப் போன்ற சின்னச் சமூகம் தீவு முழுக்க மெல்லிசாகப் பரவிக் கிடக்கிறது என்பதும் உண்மை. உங்கள் மகன் வயதில் தமிழ் பேசும் ஒரு பிள்ளை மூன்று புளோக் தள்ளி இருக்கலாம். உங்களுக்கு அது தெரியவே வராது.

முதல் தடவை நாங்கள் செய்தது பெரிய தப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் சிங்கப்பூர் முழுவதற்கும் திறந்துவிட்டோம். மூன்று மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள் சேர்ந்தன. எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனோம். அப்போது சுவா சூ காங்கிலிருந்து ஒரு தாய் எழுதினார்: "எங்க புளோக் பக்கத்துல நாலு வயசுப் பிள்ளை யாராவது இருக்காங்களா? ஞாயித்துக்கிழமை மட்டும் போதும்." ஒரு குடும்பம் பொங்கோலில் இருந்தது, ஒன்று பிடோக்கில், ஒன்று உட்லண்ட்ஸில். சுவா சூ காங்கில் அவரைத் தவிர யாருமே இல்லை. பதினொரு நாள் அந்தக் கேள்வி பதில் இல்லாமல் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் கணக்கை அழித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வரிகளை நான் இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் உறைத்தது. இருநூறு பேர் இருந்த தளத்தில் அவரைப் பொறுத்தவரை ஒருவரும் இல்லை.

பெரிய தளங்களோடு மோதுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வசதிகளைப் பற்றியே பேசுகிறார்கள். எங்களிடம் அது இருக்கிறது, இது இருக்கிறது, வடிவமைப்பு அழகு, வேகம் அதிகம் என்று. கூகுள் நிறுவனத்தின் சமூகத் தளமான கூகுள் பிளஸ் 2011ல் வந்தபோது இல்லாத வசதியா, இல்லாத பணமா? 2019ல் மூடினார்கள். ஏனென்றால் சித்தியும் மாமாவும் கூடப் படித்தவர்களும் முகநூலில் இருந்தார்கள், வெறும் வசதிக்காக யாரும் வீடு மாறவில்லை. இந்தியாவில் 2020ல் டுவிட்டர் மாதிரி வந்த 'கூ' தளம் தமிழிலும் இருந்தது. நல்ல பேர், நல்ல ஆதரவு. 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஊரையே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டுமென்றால் ஊரளவு பந்தி போட வேண்டும், அதையும் தினமும் போட வேண்டும்.

அதே சமயம் பெரிய தளங்கள் அசையவே மாட்டா என்பதும் பொய். என் வயதுக்காரர்களுக்கு ஃபிரெண்ட்ஸ்டர் என்ற பழைய சமூகத் தளம் ஞாபகம் இருக்கும். பாலிடெக்னிக் நாட்களில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் புகழ்ந்து எழுதிக்கொள்வோமே! நம் வட்டாரமே அதில்தான் இருந்தது. கூட்டம் கூடக் கூடப் பக்கம் திறக்கவே நேரமானது. 2009ல் மலேசிய நிறுவனம் ஒன்று வாங்கியது, 2011ல் விளையாட்டுத் தளமாக மாற்றியது, 2015ல் அதுவும் நின்றது. அதன் இடத்தைப் பிடித்த முகநூல் எப்படித் தொடங்கியது? 2004ல் ஹார்வர்ட் மாணவர்களுக்கு மட்டும். அந்தக் கல்லூரியின் மின்னஞ்சல் இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. அங்கே நிறைந்த பிறகு அடுத்த கல்லூரி, அதற்கடுத்த கல்லூரி. எல்லாருக்கும் கதவைத் திறந்தது 2006 செப்டம்பரில்தான். உலகத்தையே பிடித்த தளம் ஒரு வளாகத்தை நிறைத்துவிட்டுத்தான் வெளியே வந்தது. நானோ முதல் நாளே ஜூரோங்கிலிருந்து சாங்கி வரை பாய் விரித்தேன்.

நம்மிடமே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1935ல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, பிற்பாடு மாணவர்களுக்கென்று அதில் மணிமன்றப் பகுதியைக் கொண்டுவந்தார். அதில் எழுதிய பிள்ளைகள் அத்தோடு நிற்கவில்லை, அவரவர் ஊரில் மன்றமாகக் கூடினார்கள். தாளில் தெரிந்த பெயர் நேரில் தெரிந்த முகமானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வருகிறது.

ஆக, தளத்தை மூடினோம். மூடிவிட்டு செங்காங்குக்கு மட்டும் திறந்தோம். நான் இருக்கும் இடம், எனக்குத் தெரிந்த புளோக்குகள். பாலர் பள்ளி வாசலில் நின்றேன், மளிகைக் கடை அக்காவிடம் சொல்லி வைத்தேன், மின்தூக்கியில் தமிழ்ப் பேச்சு கேட்டால் வலியப் போய்ப் பேசினேன். 23 குடும்பங்கள். இருநூறு எங்கே, இருபத்து மூன்று எங்கே! ஆனால் இப்போது ஒருவர் கேள்வி போட்டால் அன்றைக்கே பதில் வருகிறது. நான் பார்க்கிற கணக்கு அது ஒன்றுதான். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு சாயங்காலம் விளையாட்டு மைதானத்தில் ஐந்து பிள்ளைகள் ஒளிந்து பிடித்து விளையாடினார்கள். என் மகள் தூணில் முகம் புதைத்து எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, செவன், எய்ட்..." சறுக்குமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த பையன் தலையை நீட்டி, "ஏழு! ஆறுக்கு அப்புறம் ஏழு!" என்று கத்தினான். அவன் இருக்கும் இடம் தெரிந்து பிடிபட்டான். அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நான் வீட்டில் நூறு தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன். இன்னொரு பிள்ளை சொன்னபோதுதான் அது அவளுக்கு ஏறியது.

"வாட்ஸ்அப் குழு போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: பழகியவர்களுக்கு அது போதும். புதிதாக வீடு மாறி வந்தவருக்கு அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது, யாராவது சேர்த்துவிட்டால்தான் உண்டு. சேர்ந்தாலும் காலை வணக்கங்களுக்கு நடுவே அவர் கேள்வி மூழ்கிவிடும், அவர் எண் முன்பின் தெரியாதவர்கள் எல்லார் கைக்கும் போய்விடும். பிள்ளைகள் விஷயம் இது. எங்கள் தளத்தில் பிள்ளையின் பெயரோ படமோ கேட்பதில்லை. வயதும் பேட்டையும் மட்டும்தான். இரண்டு பக்கமும் சம்மதித்த பிறகுதான் தொடர்பு எண் தெரியும்.

ஒரு முதலீட்டாளரிடம் போயிருந்தோம். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "இது எவ்வளவு பெரிசா வளரும்?" என்றார். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வருத்தமில்லை, அவர் பணத்துக்கு அவர் கேள்வி நியாயம். ஆனால் பின்னல் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு தம்பதி 2007ல் அமெரிக்காவில் தொடங்கிய ரேவல்ரி என்ற தளம் இன்றும் நடக்கிறது. தன்னிடம் என்ன நூல் இருக்கிறது, என்ன பின்னினோம் என்று குறித்து வைக்க ஒருத்தி தனியாகவே அதைப் பயன்படுத்தலாம். வேறு யாருமே வராத நாளிலும் அது அவளுக்கு உதவும். அதைப் பார்த்துத்தான் நாங்களும் வாரம் ஒரு பக்கம் போடுகிறோம். எம்ஆர்டி ரயிலில் போகும்போது பிள்ளையோடு தமிழில் என்ன பேசலாம், என்ன விடுகதை போடலாம் என்று. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 வெள்ளி வாங்குகிறோம். செர்வர் செலவு அதில் கட்டிவருகிறது. விளம்பரம் கிடையாது.

அடுத்து சுவா சூ காங். அந்தத் தாய்க்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 குடும்பங்கள் பெயர் கொடுக்கும்வரை திறக்க மாட்டேன், இந்த முறை பொறுமையாகத்தான் போவேன். இதுவரை 13 வந்திருக்கின்றன. அங்கே இருப்பவர்கள், மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் உங்கள் மின்தூக்கியில் யாரைப் பார்த்தீர்களோ அவர்களிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நானே வந்து பார்க்கிறேன்.