பேத்தி இன்னும் நம்பவில்லை

நாலு வயதுப் பிள்ளை உறவுமுறையைக் குழப்பினால் மந்தம் என்று நினைக்காதீர்கள் என்கிறது உங்கள் கட்டுரை. நூற்றுக்கு நூறு சரி. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே குழந்தைகளிடம் இதைக் கேட்டுப் பார்த்தவர். 'எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்' என்று சொல்லும் பையன், 'அண்ணனுக்குத் தம்பி உண்டா?' என்றால் இல்லை என்பான். தன்னை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை!

எங்கள் பேத்தி இன்னும் ஒரு படி மேலே. "உங்கப்பாவுக்கு நான்தான்டி அம்மா" என்றேன். "அப்பாதான் பெரிசாயிட்டாரே, அவருக்கு எதுக்கு அம்மா?" என்கிறாள். அவளுக்கு அம்மா என்றால் சோறு ஊட்டி, தலை வாரிவிடுகிற ஆள், அவ்வளவுதான். தீபாவளியன்று மகனை மணையில் உட்காரவைத்து உச்சியில் எண்ணெய் வைத்தேன். கண் கொட்டாமல் பார்த்தவள், அதற்குப் பிறகுதான் அரை மனதாக ஒத்துக்கொண்டாள். தாத்தாதான் அப்பாவுக்கு அப்பா என்கிற கதைதான் இன்னும் எடுபடவில்லை. அவர் எண்ணெய் வைக்கவில்லையே!

ஒரே ஒரு குறை. வம்ச வரைபடம் போட்டு விளக்கச் சொல்கிறீர்கள். இந்த வயதில் அது வேலைக்கு ஆகாது. நானும் போட்டுக் காட்டினேன், எல்லாருக்கும் மீசை வரைந்துவிட்டுப் போய்விட்டாள், எனக்கும் சேர்த்து.