ஆப் பேரை அப்புறம் பாக்கலாம்

"பையனுக்கு டிஸ்லெக்ஸியான்னு ரிப்போர்ட் வந்திருக்கு, எந்த ஆப் போடலாம்?" இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. (டிஸ்லெக்ஸியான்னா வாசிக்கிறதும் எழுத்துக்கூட்டுறதும் கஷ்டமா இருக்கிற கற்றல் சிரமம்.) நான் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டா பாதி பேருக்கு கோவம் வருது, ஒரு பேரு சொல்றதுல என்ன கஷ்டம்னு. கஷ்டம்தாங்க. ரிப்போர்ட்ல இருக்கிறது ஒரு லேபிள், அதை மட்டும் வச்சு கருவி சொல்ல முடியாது. அதே லேபிள் உள்ள ஒருத்தன் வாசிக்கத் திணறுவான், வாசிச்சுக் காட்டினா டக்குனு புரிஞ்சுக்குவான். இன்னொருத்திக்கு வாசிப்பு எப்படியோ ஓடிடும், நாலு வரி எழுதச் சொன்னாதான் அழுகை. ரெண்டு பேருக்கும் ஒரே ஆப்பா?

முதல்ல பக்கத்துல உக்காந்து பாருங்க. ஒரே அளவு கஷ்டமான ரெண்டு பத்தி எடுத்து, ஒண்ணை அவனே வாசிக்கட்டும், இன்னொண்ணை நீங்க வாசிச்சுக் காட்டுங்க, ரெண்டுலயும் கேள்வியை வாயாலயே கேட்டு வாயாலயே பதில் வாங்குங்க. கேட்டதுல நல்லா சொல்லி, வாசிச்சதுல மட்டும் தடுமாறினா, டெக்ஸ்ட்-டு-ஸ்பீச், அதாவது எழுத்தை சத்தமா வாசிச்சுக் காட்டுற ஆப், முயற்சி பண்ணிப் பாக்க காரணம் இருக்கு. ரெண்டுலயும் தடுமாறினா விஷயம் வேற, மொழி புரியுதா, கவனம் நிக்குதா, காது சரியா கேக்குதா, எல்லாமே பாக்கணும். அங்க போய் ஆப்பை வாசிக்க விட்டா புரியாதது சத்தமா கேக்கும், அவ்ளோதான்.

எழுத்துக்கும் இதே மாதிரிதான், கையால, டைப் பண்ணி, வாயால சொல்லி, மூணையும் பாருங்க. "பேசினா அதுவே டைப் பண்ணிடுமே"ன்னு ஈசியா சொல்லிடறோம், ஆனா வாக்கியத்தை மனசுக்குள்ள ஓரளவாவது கட்டினாதான் தெளிவா பேச முடியும், அது தப்பா டைப் பண்ணினதை கண்டுபிடிக்க திரும்ப வாசிக்கணும், வாசிப்புதானே இவனுக்கு சிக்கலே! வேர்ட் பிரெடிக்‌ஷனும் அப்படித்தான், போட்ட எழுத்தை வச்சு வார்த்தையை ஊகிச்சு லிஸ்ட் காட்டும், முதல் எழுத்தே தப்பாப் போட்டா லிஸ்ட்ல அந்த வார்த்தையே வராமப் போகலாம். (டிஸ்லெக்ஸியா ஃபாண்ட்னு ஒண்ணைப் பெருசா பேசுறாங்க, ஆராய்ச்சிகள்ல உதவினதா தெரியிறது எழுத்தோட வடிவத்தை விட இடைவெளிதான். சாதா ஃபாண்ட்லயே ஸ்பேசிங்கை கூட்டிப் பாத்துக்கலாம்.)

உதவிக் கருவிகள் நிபுணர் ஜாய் ஜபாலா அம்மா 1990கள்லயே 'செட்'னு (SETT) ஒரு முறையை சொல்லிட்டாங்க. மாணவர், சூழல், செய்ய வேண்டிய வேலை, இது மூணையும் பேசி முடிச்சிட்டுதான் கருவி. நாம தலைகீழா போறோம், டேப்லெட்டை வாங்கி வச்சிட்டு அதுக்கு ஒரு வேலை தேடுறோம்.

இதுல சூழல்னா யாருமே கண்டுக்கிறதில்ல. சத்தமான வகுப்புல டிக்டேஷன் (பேசி டைப் பண்றது) எடுபடுமா? பரீட்சைல அந்தக் கருவிக்கு அனுமதி உண்டா? டீச்சர் போட்டோ எடுத்து அனுப்புற மங்கலான நோட்ஸை அந்த ஆப்பால வாசிக்க முடியுமா? பதிமூணு வயசுப் பொண்ணு எல்லார் முன்னாடியும் ஹெட்போன் மாட்டிக்க சம்மதிப்பாளா? மாட்ட மாட்டேன்னா அது அடம் இல்ல, அதுவும் அசெஸ்மென்ட்ல எழுத வேண்டிய தகவல்.

1993ல பிலிப்ஸ், ஜாவோன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல பல வகை மாற்றுத்திறன் உள்ள பெரியவங்ககிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க. அவங்களுக்குக் கிடைச்ச உதவிக் கருவிகள்ல 29.3 சதவீதம் கைவிடப்பட்டிருந்துச்சு. ஏன்னு பாத்தா, பயன்படுத்துறவங்க கருத்தைக் கேக்காதது ஒரு காரணம், கருவி ரொம்ப சுலபமா கைக்கு வந்தது இன்னொண்ணு, தேவை மாறிப்போனதும் உண்டு. வீட்டு அலமாரியில தூங்குற ரீடிங் பென்னுக்கும் (வரி மேல நகர்த்தினா வாசிச்சுக் காட்டுற பேனா) இதே கதைதான்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி இரவல் கிடைக்குமா, ட்ரையல் உண்டான்னு கேளுங்க. ட்ரையல்ல 'பிடிச்சிருக்கா?'ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வான், புது சாமான் ஆச்சே. ஒரே ஒரு வேலையை எடுத்துக்குங்க, உதாரணத்துக்கு அறிவியல் பாடத்துல ஒரு பக்கம். கருவி இல்லாம எவ்ளோ நேரம், எவ்ளோ புரிஞ்சுது, எத்தனை தடவை உங்களைக் கூப்பிட்டான்னு முதல்லயே எழுதி வச்சுக்குங்க. புதுசுங்கிற மயக்கம் தெளிஞ்ச பிறகு அதே மாதிரி இன்னொரு பக்கத்தை கருவியோட கொடுத்துப் பாருங்க. உங்களைக் கூப்பிடுறது குறையலைன்னா திருப்பிக் கொடுத்துட்டு அடுத்ததைப் பாக்கலாம்.