சம்பளச் சீட்டில் யார் பெயர்?

அக்கா மகன் நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தான். திருநெல்வேலி கங்கைகொண்டான் பக்கம் குளிர்பானக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம், உற்பத்திக்கும் குடோனுக்கும். பத்தாவது, ஐடிஐ, டிப்ளமோ எதுவானாலும் சரி. பஸ் உண்டு, கேன்டீன் உண்டு. சம்பளம் யார் கொடுப்பார்கள் என்பதுதான் இல்லை. "போகலாமா மாமா?" என்று கேட்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு கோடை முழுக்க இப்படி ஒரு குடோனில் நின்றவன்தான். ரெண்டு லிட்டர் பாட்டில் ஒன்பது சேர்ந்த கட்டு 18 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கி அடுக்கி, அடுக்கி, லாரி நிறைந்ததும் அடுத்த லாரி வந்து நிற்கும். பிளாஸ்டிக் உறை விரலிடுக்கில் அறுத்த கோடு சோறு பிசையும்போதுதான் எரியும். வெயில் ஏற ஏற ஓவர்டைம். சட்டப்படி அதற்கு இரட்டைச் சம்பளம் என்று அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள்? குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்களுக்குச் சீசன் முடிந்தது. ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, "சொல்லியனுப்புதேன்டே" என்றார் காண்ட்ராக்டர். என்னிடம் பிடித்த பி.எஃப். எங்கே போனதோ!

ஆலையே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். திருப்பூருக்கும் சென்னைக்கும் பையன்களை ரயிலேற்றிவிட்டு ஜங்ஷனில் நிற்கும் அம்மாக்களைப் பார்த்தவன். ஆனால் தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுக்க 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், 2017 மார்ச்சில் அது நீங்கியதும் ஊருக்கே ஞாபகம் இருக்கும். அப்போது டீக்கடையில் ஆலைக்காகப் பேசியவர்கள் எல்லாரும் சொன்ன ஒரே நியாயம், நம்ம பிள்ளைகளுக்கு வேலை. சரி, அந்த வேலை யார் கணக்கில்? தண்ணீர் பன்னிரண்டு மாசமும் வேண்டும், ஆள் மட்டும் மாசியிலிருந்து வைகாசி வரைக்குமா?

இதையெல்லாம் அவனுக்கு எழுதவில்லை. "சம்பளச் சீட்டில் கம்பெனி பேரா, காண்ட்ராக்டர் பேரான்னு கேளு. இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டு நம்பர் எப்போ தருவாங்கன்னும் கேளு. 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம்னா அதைக் கொடுத்தே ஆகணும்" என்று மட்டும் அனுப்பினேன்.

ரெண்டு நீல டிக். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "இவ்வளவு கேட்டா எடுப்பாங்களா மாமா?"