இரண்டு நிறம் சரி, பாதிக்குப் பாதி எதற்கு?

கல்யாண அலங்காரத்தை நாங்களே செய்யப்போகிறோம், இரண்டே நிறம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கைவேலை பழகாத நாலு பேர் கூடிச் செய்யும் வேலைக்கு இதைவிட நல்ல கட்டுப்பாடு கிடையாது. ஒருவர் மடித்த பூ கோணலாக இருக்கும், இன்னொருவர் கட்டிய தோரணம் தொய்ந்து தொங்கும். நிறம் ஒத்துப்போனால் அதெல்லாம் கண்ணில் படாது.

ஆனால் இரண்டு நிறம் என்றதும் பாதிக்குப் பாதி பிரிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒத்துவராது. ஒரு நாற்காலிக்கு இது, அடுத்ததற்கு அது. கடைசியில் கட்சி மாநாட்டுப் பந்தல் மாதிரி ஆகிவிடும். ஒரு நிறம் இடத்தை நிறைக்கட்டும், மற்றது அங்கங்கே தலைகாட்டட்டும். உள் அலங்காரம் செய்பவர்கள் 60-30-10 என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: நூற்றுக்கு 60 பங்கு முதன்மை நிறம், 30 பங்கு துணை நிறம், 10 பங்கு அங்கங்கே எடுப்பாகத் தெரியும் வேறு நிறம். நீங்கள் 60-ஐயும் 30-ஐயும் பார்த்துக்கொண்டால் போதும். மிச்சம் 10-க்குச் சுவரும் இலைப்பச்சையும் அழைக்காமலே வந்துவிடும். சுவரின் நிறம் அந்த 10-க்கு மேலும் இடம் பிடிக்கலாம் என்பதால், அதைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

செவ்ருல் என்று ஒரு பிரெஞ்சு வேதியியலாளர். 1824-இல் பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியிருக்கிறது. 1839-இல் இதையெல்லாம் விரிவாக எழுதி வெளியிட்டார். பக்கத்து நிறம் செய்யும் இந்த வேலை நம் அலங்காரத்துக்கும் பொருந்தும். நீலமும் ஆரஞ்சும் போல நிறச்சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் நிறங்களைப் பெரிய துணிகளாக ஒட்டி ஒட்டித் தொங்கவிட்டால் ஓரங்கள் கண்ணைக் கூசவைக்கும். அதையே பொடிப் பொடியாகக் கலந்து வைத்தால் தூரத்திலிருந்து இரண்டுமே மங்கிவிடும். அகலமான நீலத்தின் நடுவே ஆரஞ்சைக் கொத்துக் கொத்தாக வைத்துப் பாருங்கள், இரண்டும் எடுப்பாக நிற்கும்.

அப்புறம் வெளிச்சம். பகலில் அச்சாக ஒத்துப்போகும் சாட்டின் ரிப்பனும் காகிதமும் விளக்கொளியில் வெவ்வேறு நிறமாகத் தெரியலாம். மஞ்சள் விளக்கில் அடர்நீலம் கறுப்பாகவே போய்விடும். துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு, விழா நடக்கும் நேரத்திலேயே, அங்கே எரியும் விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படமும் எடுங்கள். இரண்டு துண்டும் ஒரே சாம்பல் நிறமாக வந்தால், விளக்கைக் கொஞ்சம் குறைத்தாலே பின்வரிசைக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று எடுப்பதே நல்லது.

செய்வதில் எனக்குப் பிடித்தது டிஷ்யூ காகிதப் பந்து. எட்டுப் பத்துத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றரை அங்குல அகலத்தில் விசிறி மடிப்பாக மடிக்க வேண்டும். நடுவில் மெல்லிய கம்பியால் கட்டி, இரண்டு முனையையும் வளைவாக வெட்டிவிடுங்கள். கம்பியை இறுக்கினால் தாள் கிழியும், பிடித்து நின்றால் போதும். பிறகு ஒவ்வொரு தாளாக நடுப்பக்கம் இழுத்து நிமிர்த்த வேண்டும், அவசரப்பட்டால் அடியோடு கையில் வந்துவிடும். இரண்டாவது நிறத்தை எல்லாத் தாளிலும் கலக்காமல் உள்ளே இரண்டு தாளாக மட்டும் வைத்தால், விரித்ததும் நடுவில் எட்டிப் பார்க்கும். மடித்த நிலையிலேயே கொண்டுபோய் அங்கே விரித்துக்கொள்ளுங்கள், வண்டியில் நசுங்காது.

காகிதமும் துணியும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், அடுத்த சாயத்தொகுப்பில் நிறம் லேசாக மாறும். க்ரேப் காகிதம் ஈரக்கையில் சாயம் விடும். தெர்மாகோலில் சூடான பசைத் துப்பாக்கியை வைத்தால் உருகிவிடும்.

விருந்தினரும் அதே இரண்டு நிறத்தில்தான் வர வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பின்னணியும் உடையும் ஒரே நிறமாக இருந்தால் படத்தில் தலை மட்டும்தான் மிதக்கும். மணமக்கள் என்ன நிறத்தில் உடுத்தப்போகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு, மேடைப் பின்னணிக்கு மற்ற நிறத்தைப் போடுங்கள்.