மெர்கிள் மடையன் இல்லை. இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வினாடி வினாவில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். நான் எழுந்து மறுப்புச் சொன்னது, "நேரமில்லை, உட்காருங்கள்" என்று வினாடி வினாக்காரர் மைக்கில் சொன்னது, பின்வரிசைச் சிரிப்பு எல்லாவற்றையும் பார்த்தீர்கள். வராதவர்களுக்குக் கேள்வி மட்டும்: "பேஸ்பால் வரலாற்றின் மிகப் பெரிய மடையன் யார்?" விடை, பிரெட் மெர்கிள். பத்து மதிப்பெண். பலத்த கைதட்டல் வேறு.

மைக்கில் கிடைக்காத நேரம் இங்கே நிறைய இருக்கிறது.

1908 செப்டம்பர் 23. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். நியூயார்க் ஜயண்ட்ஸும் சிகாகோ கப்ஸும் பட்டத்துக்கு முட்டிக்கொண்டிருந்த பருவம். ஜயண்ட்ஸின் வழக்கமான முதல் பேஸ் ஆட்டக்காரர் பிரெட் டென்னிக்கு இடுப்பு வலி. அவருக்குப் பதில் இறங்கியவன் மெர்கிள், வயது 19. (பேஸ் என்பது களத்தின் நான்கு முனைகளில் ஒன்று. நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன், மூன்று அவுட் ஆனால் அணியின் முறை முடிந்தது.) கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 1-1, ஜயண்ட்ஸுக்கு இரண்டு அவுட். முதல் பேஸில் ஜயண்ட்ஸின் மெக்கார்மிக் நிற்க, மெர்கிள் அடித்த அடியில்தான் அவர் மூன்றாவது பேஸுக்குப் போனார். இதை எந்த வினாடி வினாவிலும் கேட்க மாட்டார்கள். அடுத்து அல் பிரிட்வெல் நடுக்களத்துக்கு அடித்தார், மெக்கார்மிக் ஓடி வந்து ரன் எடுத்தார். ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. முதல் பேஸிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் இருந்த மெர்கிள் இரண்டாவது பேஸைத் தொடாமல் உடைமாற்றும் அறையை நோக்கி ஓடினான்.

விதிப்படி அவன் தொட்டிருக்க வேண்டும். தொடுவதற்குள் எதிரணி பந்தோடு அந்தப் பேஸை மிதித்துவிட்டால் அவன் மூன்றாவது அவுட், எடுத்த ரன் செல்லாது. சரி. ஆனால் அந்தக் காலத்தில் வெற்றி ரன் வந்துவிட்டால் யாரும் தொடுவதில்லை. கூட்டம் மேலே வந்து விழுவதற்குள் ஓடுவதுதான் வழக்கம். மூத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், அம்பயர்களும் கண்டுகொள்ளவில்லை. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் அதையே செய்தான். இதில் எங்கே இருக்கிறது மடமை?

கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தைக் கேட்டுக் கத்தினார். ஜயண்ட்ஸின் மெக்கினிட்டி குறுக்கே புகுந்து பந்துக்கு மல்லுக்கட்டினார். கடைசியில் எவர்ஸ் ஒரு பந்தோடு பேஸை மிதித்தார். அது ஆட்டத்தில் இருந்த அதே பந்துதானா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. அம்பயர் ஹாங்க் ஓடே, மெர்கிள் அவுட் என்றார். களமெல்லாம் கூட்டம், இருட்டும் சேர்ந்துகொண்டது. ஆட்டம் சமன்.

இப்போது வினாடி வினாக்காரருக்குத் தெரியாததற்கு வருகிறேன். அதற்குப் பத்தொன்பது நாள் முன்னால், செப்டம்பர் 4 அன்று, பிட்ஸ்பர்க்கில் இதே கதை நடந்தது. இதே எவர்ஸ், இதே ஓடே. தொடாமல் ஓடியவர் பிட்ஸ்பர்க் அணியின் வாரன் கில். தாம் பார்க்கவில்லை என்று சொல்லி ஓடே ரன்னை அனுமதித்தார். கப்ஸ் புகார் செய்தது, லீக் தலைவர் ஹாரி புல்லியம் தள்ளுபடி செய்தார். செப்டம்பர் 23-க்கு வந்த புகாரிலோ அதே புல்லியம் ஓடேயின் தீர்ப்பு சரி என்றார். வாரன் கில் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

"விதி என்றால் விதிதானே சார்?" இடைவேளையில் கேட்ட அதே தம்பி இங்கேயும் வருவார் என்று தெரியும். விதிதான், ஐயா. அதை எல்லார் மீதும் ஒரே நாளில் போடுங்கள். வருடக்கணக்காக வாசலில் தூங்கிய காவலாளி, ஒரு நாள் மட்டும் விழித்து, அன்று நுழைந்தவனைத் திருடன் என்று பிடிப்பது விதியா?

"அவனால்தானே பட்டம் போனது?" இது இன்னும் மோசம். பருவ முடிவில் இரண்டு அணியும் சமமாக நின்றதால்தான் சமனான அந்த ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டி வந்தது. செப்டம்பர் 23-க்குப் பிறகு பிலடெல்பியாவின் இளம் பந்துவீச்சாளர் ஹாரி கோவலெஸ்கி ஐந்தே நாளில் ஜயண்ட்ஸை மூன்று முறை தோற்கடித்தார். அவற்றில் இரண்டை வென்றிருந்தால் மறு ஆட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது. அக்டோபர் 8 மறு ஆட்டத்தில் பந்து வீசியவர் மாபெரும் கிறிஸ்டி மேத்யூசன். 4-2 என்று தோற்றார். அவரை யாராவது மடையன் என்றார்களா? பெரியவர்கள் தோற்றால் அது விளையாட்டின் இயல்பு. பையன் கிடைத்தால் அது வரலாறு!

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன். என் முதல் வேலை ஒரு சரக்குக் கிடங்கில். மாலையில் லாரி போய்விடும், வெளியேற்றச் சீட்டில், அதாவது கேட்பாஸில், மறுநாள் காலை கையெழுத்து. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான், மேலாளர் உள்பட. அவர்தான் அதை எனக்குச் சொல்லியும் கொடுத்தார். நான் பொறுப்பில் இருந்த ஒரு மாலையில் தணிக்கை வந்தது. கையெழுத்து இல்லாத சீட்டு என் மேசையில். விளக்கக் கடிதம் எழுதியவன் நான் ஒருவன்தான். மேலாளருக்கு அந்த வழக்கமே தெரியாதாம்! அன்றிலிருந்து எனக்கு "கேட்பாஸ்" என்று பெயர். என் திருமணத்துக்கு வந்தவர்கள் மாமனார் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் என்ன சொல்வது?

"சொந்தக் கதையைப் பேஸ்பாலில் கலக்காதீர்கள்" என்று ஒருவர் எழுதுவார். கலப்பேன். இது என் பக்கம்.

ஜயண்ட்ஸின் மேலாளர் ஜான் மெக்ரா, கடுமைக்குப் பெயர் போனவர், மெர்கிளைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஆண்டு சம்பளத்தை உயர்த்தினார். அணியில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். சிரித்தவர்கள் வெளியில் இருந்தவர்கள். எவர்ஸ் இன்று பேஸ்பாலின் கூப்பர்ஸ்டவுன் புகழ்க்கூடத்தில் இருக்கிறார், ஓடேயையும் 2013-ல் சேர்த்துவிட்டார்கள். மெர்கிள் 16 பருவங்கள் பெரிய லீக்கில் ஆடினார், பின்னாளில் அதே கப்ஸ் அணிக்காகவும் ஆடினார். அது கணக்கில் வராது. விளையாட்டை விட்ட பிறகு பல காலம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். 1950-ல் பழைய ஆட்டக்காரர்கள் விழாவுக்கு அதே போலோ கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது கூட்டம் கைதட்டியது. நாற்பத்திரண்டு வருடம் கழித்து, மிகுந்த பெருந்தன்மை! ஆறு வருடத்தில் இறந்துபோனார்.

அடுத்த மாதம் மறுபடி வினாடி வினா வைக்கிறார்களாம். முதல் வரிசையில் உட்காரப் போகிறேன். மைக்கைக் கொடுக்காவிட்டால் பரவாயில்லை, என் குரல் போதும்.