முதல் ரேசருக்கு ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை

பிரஷால் நுரை கட்டி, பிளேடு மாற்றும் ரேசரால் பழைய முறையில் ஷேவ் செய்யும் நம் கூட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை சந்திப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும், வராதவர்களுக்கும் இந்நேரம் சேதி போயிருக்கும். யார் பேசியது என்று பெயர் போடப் போவதில்லை. ஆனால் அந்தத் தம்பி தன் பையைத் திறந்த வேகமும், பிறகு ஒன்றும் பேசாமல் அதை மூடிய விதமும் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கின்றன.

அவன் நம் கூட்டத்துக்குப் புதியவன். தலையோடு கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரைப் போட்டுப் போட்டுக் கழுத்தெல்லாம் சிவந்து கட்டி கட்டியாக வருகிறது, பழைய முறைக்கு மாறலாம் என்று வந்தவன். ஆசையாக வாங்கிய ஒரு உள்நாட்டு ரேசர், மளிகைக் கடையில் அட்டையோடு தொங்குமே அந்தப் பிரஷ், ஒரு ட்யூப் கிரீம். இவ்வளவையும் மேசையில் வைத்து, "அண்ணா, ஆரம்பிக்க இது போதுமா?" என்று கேட்டான். கேள்வி அவ்வளவுதான். பதில் என்ன வந்தது? "தம்பி, இதையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடு. வாங்கினால் மியூலே ஆர்41 வாங்கு, ஃபெதர் பிளேடு போடு. அதுதான் ஷேவ்." அதோடு விட்டாரா? பிரஷைக் கையில் தூக்கிச் சுற்றிலும் காட்டி, "சலூன்காரன் பிரஷ்" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிறேன். முதலில் ரேசர் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

மியூலே என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆர்41 நல்ல ரேசர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கை பழகியவர்கள், முள் போல முடி உள்ளவர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதிலும் தப்பில்லை. ஆனால் அது என்ன மாதிரியான ரேசர் என்று தெரிந்துதானே சொன்னீர்கள்? அடியில் சீப்புப் பல் போல் திறந்திருக்கும், பிளேடு தோலில் நன்றாகவே படும். சந்தையில் கிடைப்பவற்றில் மிகவும் முரட்டு ரேசர்களில் ஒன்று என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. அதற்குள் போடச் சொன்ன ஜப்பான் ஃபெதரோ, கூர்மைக்கே பேர்போன பிளேடு. எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்றே இன்னும் தெரியாத பையனுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது, நீச்சல் தெரியாதவனை ஆற்றுச் சுழலில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பது போலத்தான். முதல் நாளே தாடையில் ரத்தம் வரும். இரண்டாவது வாரம் ரேசர் அலமாரிக்குப் போகும், பையன் பழைய கார்ட்ரிட்ஜுக்கே திரும்புவான். இப்படித் திரும்பிப் போனவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

முதல் ரேசர் சாதுவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. விலை அதிகமா, எந்த ஊர் எஃகு, பளபளப்பு எப்படி என்பதெல்லாம் பிறகு. அடிப்பகுதியில் பல் இல்லாமல் நேரான பட்டையோடு வரும் ரேசராக, பிளேடு அதிகம் வெளியே நீட்டாததாக இருந்தால் போதும். ஜெர்மன் பெயர்தான் வேண்டும் என்றால் அதிலும் சாது உண்டு. மெர்க்கர் 34சி உண்டு. அதே மியூலேயின் ஆர்89 உண்டு, இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89 உண்டு. உலகம் முழுக்கப் புதியவர்களுக்குக் காலங்காலமாகக் கைகாட்டப்படுபவை இவை. இவற்றை விட்டுவிட்டு ஆர்41-ஐச் சொல்ல ஒரு காரணம்தான் இருக்க முடியும். அதை நான் சொல்லாமலே விடுகிறேன். அந்தப் பணமும் இல்லை என்றால் இங்கேயே தயாராகும் பார்க்கர் போன்றவை இருக்கின்றன. அதுவும் முடியாதா, அந்தத் தம்பி கையில் இருந்ததே, அது போதும். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிளேடு இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருந்தது, திருகு இறுக்கமாக இருந்தது. ஆரம்பிக்க வேறென்ன வேண்டும்?

ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். வெட்டுவது பிளேடு. கில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதன் அடிப்படையே அதுதானே? கைப்பிடி இருந்துகொண்டே இருக்கும், மெல்லிய பிளேடை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள அதே இருமுனைப் பிளேடுதான் பல ஆயிரம் ரூபாய் ரேசரிலும் போகிறது, தம்பியின் ரேசரிலும் போகிறது. ரேசர் செய்யும் வேலை அந்தத் தகட்டை அசையாமல் வளைத்துப் பிடித்து, எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்று கட்டுப்படுத்துவது. ஆகவே கையில் இருக்கும் காசை ரேசரில் கொட்டாதீர்கள், பிளேடில் போடுங்கள். அதுவும் நூறு பிளேடு பெட்டியாக வேண்டாம். 7 ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ், ஆஸ்ட்ரா என்று கிடைப்பதில் ஒவ்வொன்றிலும் சின்ன பாக்கெட். ரேசரையும் கிரீமையும் மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எரிச்சல் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எனக்குச் சேரும் பிளேடு உங்களுக்குச் சேராது. இதில் யாரும் யாருக்கும் குருவாக முடியாது.

உடனே ஒருவர் வருவார்: "மலிவு ரேசர் நாலு மாதத்தில் திருகு போய்விடும், முலாம் உரிந்துவிடும். ஒரே தடவை நல்லதாக வாங்கினால் ஆயுளுக்கும் வருமே." சரி, முலாம் உரிவது உண்மைதான். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியது ஒருநாள் உரியத்தான் செய்யும், கழுத்தில் திருகும் இடத்தில் உடையவும் செய்யும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெர்க்கரின் தலையும் ஆர்89இன் தலையும் அதே வகைக் கலவைதான், வார்ப்பும் பூச்சும் மேல், அவ்வளவே. அப்புறம், தனக்கு இந்தப் பழக்கம் ஒத்து வருமா என்றே தெரியாதவனிடம் ஆயுள் கணக்கு எதற்கு? முதலில் அவன் ஒரு மாதம் வெட்டுப்படாமல் ஷேவ் செய்யட்டும். பிறகு எஃகோ பித்தளையோ, அவன் காசு, அவன் ஆசை.

"அப்படியானால் கார்ட்ரிட்ஜே போதுமே" என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. 2010இல் பதினைந்து ரூபாய்க்குக் கில்லெட் கார்டு என்ற கார்ட்ரிட்ஜ் ரேசர் வந்தது, ஒற்றைப் பிளேடுதான். எத்தனையோ பேருக்கு அது நிம்மதியான ஷேவ் கொடுத்தது. உங்கள் தோல் அதில் சந்தோஷமாக இருந்தால் அதிலேயே இருங்கள்.

சென்னைக்காரர்களுக்கு ரேசரைவிட முக்கியமான ஒன்றை அன்று யாருமே சொல்லவில்லை. தண்ணீர். போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்ளும். நுரை வராது, வந்தாலும் நிற்காது, கிண்ணத்தில் திரிதிரியாகப் படியும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் பொங்குகிற அதே சோப்பு இங்கே அடங்கிவிடும். பாவம், பையன்கள் பிரஷ் சரியில்லை, சோப்பு சரியில்லை என்று அடுத்தடுத்து வாங்கிக் குவிக்கிறார்கள். ஒரு குவளை கேன் தண்ணீரைச் சூடுபடுத்தி அதில் நுரை கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வட்டுச் சோப்பைவிட ட்யூப் கிரீம் ஆரம்பத்தில் சுலபம். கோத்ரெஜோ பாமாலிவோ ஓல்ட் ஸ்பைஸோ, எதுவானாலும் சரி, பட்டாணி அளவுக்குக் கொஞ்சம் மேலே எடுத்தால் போதும். பிரஷுக்குச் செயற்கை இழையே நல்லது. பன்றி முடிப் பிரஷைக் கொஞ்ச நேரம் ஊறப் போட வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் காயவும் நேரமாகும். செயற்கை இழையை உதறி வைத்தால் முடிந்தது. கடைசியில் தேய்க்க, நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டுப் படிகாரம்.

ரேசர் மூன்று துண்டாகக் கழல்வதாக இருக்கட்டும். வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரித் திறக்கும் மாடல் பார்க்க அழகு, பிளேடு மாற்றச் சுலபம். ஆனால் அதன் கீல்களில் நம் உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து இறுகிவிட்டால் பல் துலக்கும் பிரஷால் நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

என் பெரியப்பா மன்னார்குடியில் சலூன் வைத்திருந்தார். எனக்கு ஷேவ் பழக்கியவர் அவர்தான். முதல்முறை என் கையில் ரேசரைக் கொடுத்தபோது அதில் பிளேடே இல்லை. வெறும் ரேசரால் நுரையை வழிக்கச் சொன்னார். "அமுக்காதடா, அதோட கனத்துக்கு அதுவே இறங்கும்" என்பார். இடது கை விரலால் காதோரத் தோலை மேலே இழுத்துப் பிடிக்க வைத்தார். பிறகு நுரையைக் கழுவிவிட்டு, கழுத்தை விரலால் தடவிப் பார் என்றார். கன்னத்தில் முடி கீழ்நோக்கி இருக்கிறது. கழுத்தில் அப்படி இல்லை. எனக்கு இடது பக்கம் பக்கவாட்டில் படுத்து, தொண்டை எலும்புக்குக் கீழே ஒரு சுழியாகத் திரும்புகிறது. விரல் வழுக்கும் திசையில் முதலில் வழி, சொரசொரக்கும் திசையில் இப்போதைக்குப் போகாதே என்றார். இந்தப் பாடத்தை எந்த ஊர் ரேசரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காது. அந்தத் தம்பியின் கழுத்தைப் பார்த்தால் பெரியப்பா முதலில் கேட்டிருப்பது அவன் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்றுதான், ரேசர் என்ன பிராண்டு என்று கேட்டிருக்கவே மாட்டார்.

அதனால்தான் "சலூன்காரன் பிரஷ்" என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

என் தாத்தா சவரக் கருவிகள் வைக்கும் பையான அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர். கொல்லைப்புறம் வழியாக. திண்ணையில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல். பேரன் வயதுப் பிள்ளைகள்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கையில் இருந்த கத்தியைத் தோல் வாரில் தீட்டும் வித்தையைத்தான் இன்று வெளிநாட்டு வீடியோவில் பார்த்து வாய் பிளக்கிறோம். 1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. எய்ட்ஸ் பயம் ஊரெங்கும் பரவிய பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "புது பிளேடா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெரியப்பா பழைய கத்தியை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பிளேடு மாற்றும் கத்திக்கு மாறினார். பிளேடைக் காகித உறையோடு நீளவாக்கில் மடக்கி, படக்கென்று இரண்டாக ஒடித்து, பாதியைச் செருகுவார். வந்தவர் பார்க்கும்படியாகச் செய்வார். நம்பிக்கை முக்கியம் என்பார். அவர் கையில் இருந்ததும் மளிகைக் கடைப் பிரஷ்தான். அதைக்கொண்டு அவர் கட்டிய நுரையை ஞாயிற்றுக்கிழமை யார் கிண்ணத்திலும் நான் பார்க்கவில்லை.

"சும்மா பேச்சுவாக்கில் சொன்னதற்குப் போய்ச் சாதியை இழுக்கிறாயே" என்று எழுதத்தான் போகிறீர்கள். நான் இழுக்கவில்லை. ஒரு பொருளை மட்டம் தட்ட வேண்டும் என்றால் அது யார் கையில் இருக்கும் பொருள் என்று சொன்னால் போதும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அங்கேதான் அது இருந்தது. பிரஷ் மோசம் என்றால் இழை உதிர்கிறது என்று சொல்லியிருக்கலாம், தண்ணீர் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல நீங்கள் அதை நனைத்துக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கலையின் மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறீர்கள், பிரஷ் வைக்க மரத் தாங்கி, ரேசருக்குத் தோல் உறை எல்லாம் வைத்திருக்கிறீர்கள். இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்கள்மேல் அந்தப் பிரியத்தில் கொஞ்சம்கூட ஏன் படவில்லை? எனக்கு இதில் வருத்தம்தான் அதிகம், கோபம் குறைவு.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். உன் ரேசரைக் குப்பையில் போடாதே. கார்ட்ரிட்ஜால் வந்த கட்டிகள் அடங்கும் வரை கழுத்தில் முடி வளரும் திசையில் ஒரே ஒரு முறை மட்டும் வழி. மழமழவென்று வராது, வர வேண்டியதும் இல்லை. கட்டிகள் அடங்கிய பிறகு குறுக்காக இரண்டாவது முறை போகலாம். பிரஷ் முதல் சில நாட்கள் இழை உதிர்க்கும், பயப்படாதே.

இன்னொன்று, அன்று உனக்கு யாரும் சொல்லாதது. ஒரு பழைய பவுடர் டப்பாவின் பக்கத்தில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு வைத்துக்கொள். பெரியப்பா கடையில் கண்ணாடிக்குக் கீழே அப்படி ஒன்று எப்போதும் இருக்கும். தேய்ந்த பிளேடெல்லாம் அதற்குள். நம் தெருக் குப்பையைக் கையுறைகூட இல்லாமல் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். டப்பா நிறைந்ததும் கீறலை டேப் போட்டு ஒட்டி, உள்ளே பிளேடு என்று மேலே எழுதி, குப்பை வண்டியில் வருகிறவரிடம் சொல்லிக் கையில் கொடு.