"எல்லாம் அடக்கம்" என்று சொல்லித்தான் ஏற்றினார்கள்

அப்பாவுக்கு எழுபது முடிந்தது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்துவிட்டு வந்ததும், "கடலைக் கரையிலிருந்தே பார்த்துப் பார்த்து வயசாகிவிட்டது, ஒரு தடவை உள்ளே போகணும்" என்றார். அப்பா எங்களிடம் எதையும் கேட்டதில்லை. அதனால் நானும் கணவரும் யோசிக்கவே இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவு சொகுசுக் கப்பல் பயணம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், மகன் என ஐந்து பேர்.

மதுரையில் நாங்கள் பதிவு செய்த டிராவல்ஸ்காரர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "ஒருத்தருக்கு 52,000. எல்லாம் அடக்கம்க்கா. உள்ள ஏறிட்டா பர்ஸையே தொட வேண்டாம்." விமானம் தனி என்பது எங்களுக்கும் தெரியும். மற்றபடி அந்த "எல்லாம் அடக்கம்" என்ற இரண்டு சொல்லை நம்பித்தான் முன்பணம் கட்டினோம்.

முன்பணம் கட்டிய மூன்றாம் நாள், துறைமுக வரி என்று ஆளுக்கு 9,500 ரூபாய் வந்தது. அதன் மேல் ஜிஎஸ்டி, அப்புறம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. வரி கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளவும் முடியும், அந்தச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஆனால் துறைமுக வரி இல்லாமல் எந்தக் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிறது? அது இல்லாத ஒரு விலையை விலை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? கேட்டால், "அது கப்பல் கம்பெனி போடுறதுக்கா, நம்ம கையில இல்ல" என்றார். 52,000 என்று சொன்னது யார் கை?

கப்பல் ஏறும் முன்பே அடுத்த இரண்டு. மரீனா பே குரூஸ் சென்டருக்குத் தனி வண்டி வேண்டும் என்று ஒரு தொகை வாங்கினார்கள். போய் இறங்கினால் வாசலிலிருந்து சில நிமிட நடையிலேயே மரீனா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம், சிவப்புப் பாதையின் கடைசி நிறுத்தம். பெட்டியை உருட்டிக்கொண்டே வந்திருக்கலாம். அடுத்தது, ஸ்கேனரில் அம்மாவின் சின்ன கெட்டிலைப் பிடித்து எடுத்துக்கொண்டார்கள். சூடாகும் சாமான் எதையும், எக்ஸ்டென்ஷன் போர்டைக்கூட, கேபினுக்குள் விட மாட்டார்கள். தீ பயம், சரியான விதிதான், கப்பல்காரர்களை அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் இரண்டு முறை வெந்நீர் குடிக்கும் அறுபத்தாறு வயது அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு ஃபிளாஸ்க் எடுத்து வந்திருப்பார். பஃபேயில் வெந்நீர் கிடைக்கிறது, ஃபிளாஸ்க்தான் இல்லை. சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. விசாவில் ஒரே ஒரு நுழைவுதான் இருந்ததாம். கப்பல் கிளம்பும்போதே நாம் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் குடிநுழைவுத் துறையில் பதிவாகிவிடும். நான்கு நாள் கழித்துத் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. இந்த ஒரு வரியை அவர்களுக்குப் பதிவு செய்து கொடுத்தவர் சொல்லவில்லை. பெட்டிகளோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள், ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. உங்கள் விசாவில் பல முறை நுழையலாம் என்று இருக்கிறதா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் பூர்த்தி செய்யும் எஸ்ஜி அரைவல் கார்டும் திரும்பி வரும்போது மறுபடி போட வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதைப் போட முடியும் என்பதால், புக்கெட்டில் கரையில் இருக்கும்போது போனிலேயே முடித்துவிடுங்கள். நடுக்கடலில் அதற்காக இணையம் வாங்காதீர்கள்.

உள்ளே போனதும் ஆளுக்கு ஓர் அட்டை. கதவைத் திறக்க, கப்பலில் ஏறி இறங்க, வாங்குவதற்குப் பணம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதே அட்டைதான். பணம் கைமாறுவதே இல்லை. சாவி என்று நினைத்து நீட்டுகிறோம், கணக்கில் ஏறிவிடுகிறது.

அப்பா காபிப் பிரியர். ஐந்தாம் தளத்தில் அழகான ஒரு காபிக் கடை. "எல்லாம் அடக்கம்" என்று நாங்களே அவரிடம் சொல்லியிருந்தோம். அவரும் அம்மாவும் போய் உட்கார்ந்து கப்பல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கப்புச்சினோ குடித்தார்கள். அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தார். எதிலோ கையெழுத்து கேட்டார்கள், போட்டார். மூன்று நாளில் ஒன்பது கப். ஒன்று 5 அமெரிக்க டாலர், அதன் மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம். ஒரு கப் காபி 500 ரூபாய்க்கு மேல். மேலே பஃபேயில் இயந்திரக் காபி இலவசம் என்பது எங்களுக்குத் தெரிந்தது நான்காம் நாள் காலையில், கேபின் டிவியில் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான்.

அப்பாவும் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் கப்பல் கடலில்தான் இருந்தது, எங்கும் நிற்காது. அவர் அத்தனை ஆசைப்பட்ட நாள் அது. அன்று அவர் காபியே குடிக்கவில்லை, இலவசக் காபியைக்கூட. பால்கனியில் உட்கார்ந்து, "உங்களுக்கு வீண் செலவு வச்சுட்டேன்மா" என்றார். பணத்தை விடுங்கள், அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவைத்தார்களே, அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

அப்புறம் டிப்ஸ். ஆளுக்கு ஓர் இரவுக்கு 18 டாலர், நாம் கேட்காமலே கணக்கில் ஏறுகிறது. ஐந்து பேர், நான்கு இரவு, 360 டாலர். எட்டு வயது மகனுக்கும் அதே 18. இணையத்தில் சிலர், "ரிசப்ஷனில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், எடுத்துவிடுங்கள்" என்று யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் கேபினைச் சுத்தம் செய்த தம்பி இந்தோனேசியாக்காரர், காலையிலும் இரவிலும் அவரைத்தான் பார்த்தோம், ஏழு மாதமாக வீட்டுக்குப் போகவில்லை என்றார். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே கப்பல் ஊழியரிடம் வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. அவருடைய கூலியில் போய் நம் கோபத்தைக் காட்டுவது பாவம். என் கேள்வி கம்பெனியிடம்: உங்கள் ஊழியருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய சம்பளத்தை டிப்ஸ் என்று பெயர் மாற்றி என் கணக்கில் எழுதுகிறீர்கள், சரி, எழுதுங்கள். அதை டிக்கெட் விலையிலேயே சேர்த்து முதல் நாளே சொல்ல என்ன தடை? 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும் ஒரு செலவை ஏன் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் வைத்துச் சொல்கிறீர்கள்?

பினாங்கில் நடந்ததைக் கேளுங்கள். கப்பல் கம்பெனியின் ஊர் சுற்றல், ஆளுக்கு 55 டாலர். "பாரம்பரிய ஜார்ஜ் டவுன்" என்று பெயர். வயதானவர்களோடு தனியாகப் போகாதீர்கள் என்று எங்களைப் பயமுறுத்தியே வாங்க வைத்தார்கள். பஸ்ஸில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி, கார்ன்வாலிஸ் கோட்டைக்கு எதிரே விக்டோரியா ராணி மணிக்கூண்டில் இறக்கினார்கள். அது ராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடியில் கட்டியது. நான் அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பின்னால் எங்கள் கப்பல் நிற்கிறது! ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து வெளியே வந்து சாலையைத் தாண்டினால் அந்த மணிக்கூண்டு. அங்கிருந்து மெல்ல நடந்தால் ஒரு கால்மணி நேரத்தில் லிட்டில் இந்தியா. குயின் வீதியில் 1833-இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில். பக்கத்திலேயே தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொய்தீன் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கடைகளில் தமிழில் பேசுகிறார்கள், பூக்கட்டும் அம்மா "எந்த ஊரு தாயி?" என்று கேட்கிறார். மதுரையிலிருந்து போன குடும்பத்துக்கு அந்த வீதியைச் சுற்றிக் காட்ட 275 டாலர்! அம்மா மாரியம்மன் சந்நிதியில் கண்மூடி நின்றபோது வழிகாட்டி, "பத்து நிமிஷம்தான்" என்று கையைக் காட்டுகிறார். நடந்து போயிருந்தால் அம்மா சாயரட்சை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

புக்கெட்டில் மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். அங்கே எங்கள் கப்பல் பட்டோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, சின்னப் படகில்தான் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் படகுக்கே ஏகப்பட்ட நேரம் போகிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது. கடைசிப் படகு 6 மணி என்றால் உங்கள் போனில் அது 5 மணி. கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். கப்பலின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. தூரமான தீவுகளுக்குப் போவதென்றால் கப்பலின் சுற்றுலாவுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. நாங்கள் கடற்கரையோடு நிறுத்திக்கொண்டோம்.

ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. கணவரின் போன் பில் 11,000 ரூபாய். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் ரோமிங் பேக் போட்டிருந்தார். கரையை விட்டு விலகியதும் போன் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டது. அது எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது, பேக்கிலும் வராது. வாட்ஸப்பில் இரண்டு படம் போனது, பின்னணியில் ஏதேதோ தானாக இயங்கியது, அவ்வளவுதான். கயிறு அவிழ்க்கும் முன்பே ஏரோபிளேன் மோடு போட்டுவிடுங்கள். இணையம் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரே ஒரு கருவிக்கு வாங்கி, ஒருவர் வெளியேறி மற்றவர் நுழைந்து மாற்றிப் பயன்படுத்துங்கள். எங்கள் கப்பலில் அது நாளுக்கு 20 டாலர், இப்படி மாற்றிக்கொள்ள அனுமதியும் இருந்தது.

டிப்ஸ், காபி, இணையம், பினாங்கு, ஒரு குடும்பப் போட்டோ. கடைசிக் கணக்கு 793 டாலர். கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்ந்து 70,000 ரூபாய்க்கு மேல். "பர்ஸையே தொட வேண்டாம்" என்று சொன்ன பயணத்தில்!

இவர்களுக்குச் சொல்லத் தெரியாதா? தெரியும். ஏறிய அன்று பாதுகாப்புப் பயிற்சியிலிருந்து ஒருவரையும் தப்ப விடவில்லை. ஒவ்வொருவர் அட்டையையும் தேய்த்து, வராதவர்களைத் தேடிப் பிடித்து, உயிர்காப்பு உடையை எப்படிப் போடுவது என்று காட்டிய பிறகுதான் விட்டார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும் என்று உலக அளவில் விதி இறுகியது. விதி இருந்தால் அத்தனை பேருக்கும் சொல்ல முடிகிறது. விலையையும் அதே மாதிரிச் சொல்ல முடியும்.

சில இடங்களில் சொல்லவும் வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணங்களை மறைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்ததும், பெரிய கப்பல் கம்பெனிகள் அமெரிக்காவில் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்ட ஆரம்பித்தன. நம் நாட்டிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதலில் குறைந்த விலை காட்டிப் பின்னால் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் நேர்மையற்ற வணிக முறை என்று பட்டியலிட்டிருக்கிறது. ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்க முடியாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் 2019 சட்டம் இடம் தருகிறது.

டிராவல்ஸ்காரரிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானக்கா" என்றார். யார் அந்த எல்லாரும்? முதல் தடவை கப்பல் ஏறும் என் அப்பாவுக்குத் தெரியுமா? விசா தாளை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்ததா? தெரியாதவர்களிடம் விற்பதுதான் உங்கள் வியாபாரம், தெரியாததைச் சொல்வதற்குத்தான் உங்களுக்குக் கமிஷன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். அவர் அனுப்பிய விளம்பரப் படம், "எல்லாம் அடக்கம்" என்ற குரல் பதிவு, பில்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்களும் வாட்ஸப் உரையாடலை அழிக்காதீர்கள். கப்பலில் தினமும் இரவு படுக்கும் முன் டிவியில் கணக்கைத் திறந்து பாருங்கள். தப்பாக ஏறியிருந்தால் அன்றே ரிசப்ஷனுக்குப் போங்கள், கடைசி நாள் காலை அந்த வரிசையில் நிற்கவே முடியாது. டெபிட் கார்டைக் கணக்கோடு இணைக்காதீர்கள், செலவழிக்காத பணத்தையும் பல நாள் பிடித்து வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் இன்னொரு குடும்பம் மே மாதம் அதே டிராவல்ஸ் மூலம் போகத் திட்டமிட்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: துறைமுக வரி எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு, இணையம் எவ்வளவு, எந்தக் காபி இலவசம், விசாவில் எத்தனை நுழைவு, எல்லாம் சேர்த்து கடைசித் தொகை என்ன, கீழே கையெழுத்து. அதைப் பூர்த்தி செய்து கொடுத்தால்தான் முன்பணம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பன்னிரண்டு நாள் ஆகிறது. தாள் இன்னும் திரும்பி வரவில்லை.